பெட்டியிலிருந்து மடிக்கு



“குழந்தையைப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்” என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையையும், பிறந்தவுடன் மூச்சுத் திணறிய குழந்தையையும் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டியினுள் வைத்துக் காப்பாற்றுவதைத்தான் அவ்வாறு சொல்கிறோம். சில நாட்களோ சில வாரங்களோ கழித்து அக்குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்து தாயின் மடியை அடைகிறது. ஆபத்து நீங்கிவிட்டது என்று உற்றாரும் உறவினரும் மகிழ்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் அந்த மடிக்கு உரியவளின் மனம் அப்போது எந்த நிலையில் இருக்கிறது? அவள் மனநிலைக்கும் குழந்தையின் உள்ள வளர்ச்சிக்கும் தொடர்பு உண்டா? இவ்விரு வினாக்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

நான் மருத்துவம் கற்றவள் அல்லேன். பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். வேலூர் நகருக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள பாகாயத்தில் வாழ்கிறேன். இப்பொருளைப் பற்றி நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றே காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் பணியில் இருந்தாள். அவளுக்கு முதற்பிரசவம் 30ஆவது வாரத்திலேயே நேர்ந்துவிட்டது. குழந்தையின் எடை 1,200 கிராம். 41 நாட்கள் அது மருத்துவமனையில் இருந்தது. நாளுக்கு இருமுறை, சில நிமிடங்கள், கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்க்க மட்டுமே என் மகளுக்கு அனுமதி கிடைத்தது. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். 42ஆம் நாள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆரத்தி எடுத்தோம், அண்டை வீடுகளுக்குச் சர்க்கரை கொடுத்தோம்.

அன்றிரவு நான் கண் விழித்துப் பார்த்தபோது, என் மகள் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு, குழந்தையின் மார்பு ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் இரவும் அவ்வாறே. நான்காம் நாள் அவள் என்னிடம், “அம்மா, இது என் பிள்ளை என்று அறிவு சொல்கிறது, நெஞ்சு சொல்லவில்லையே. யாரோ என்னிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளை போல இருக்கிறது” என்றாள்.

நான் என்ன மறுமொழி சொன்னேன் தெரியுமா? “பெற்றவள் பேசும் பேச்சா இது? பிள்ளை பிழைத்து வந்திருக்கிறது. இந்த நேரத்தில் கண்ணீர் விட்டால் பால் வற்றிவிடும்” என்று கடிந்துகொண்டேன். அதன்பின் அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அழுவதையும் நிறுத்திக்கொண்டாள், பேசுவதையும் குறைத்துக்கொண்டாள். அவள் தேறிவிட்டாள் என்று நான் எண்ணியிருந்தேன். என் அறியாமையை இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்வதற்குக் காரணம், இதே மறுமொழியைச் சொல்லும் தாய்மாரும் மாமியாரும் கணவரும் நம் நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்பதே.

கருவுற்று 37 வாரம் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. அவற்றுள் 30 இலட்சம் நம் இந்தியாவில் பிறந்தவை. “ஏழாம் மாதம் பிறந்தால் தங்கும், எட்டாம் மாதம் பிறந்தால் தங்காது” என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை உண்டு. அதில் உண்மை இல்லை. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு நன்மையே தருகிறது. எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளையின் தாய் இந்தப் பழமொழியைக் கேட்டு எத்தனை இரவுகள் உறங்காமல் இருந்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, கண்ணாடிப் பெட்டியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1880ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் ஸ்தெபான் தார்னியே என்னும் மருத்துவர், குறைமாதக் குழந்தைகளை வெதுவெதுப்பாக வைத்துக் காக்கும் பெட்டியைப் பயன்படுத்தத் தொடங்கினார். குளிரால் மடிந்துகொண்டிருந்த குழந்தைகள் பல பிழைத்தன. அவருக்குப் பின் வந்த பியேர் புதேன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். குழந்தையை வெகுநாள் பிரிந்திருந்த தாய்மாருள் சிலர், பின்னர் அக்குழந்தையிடம் ஈடுபாடு குன்றியவராக இருந்தனர். சிலர் அதை அழைத்துச் செல்லவும் வரவில்லை. ஆகவே, தாய்மார் மருத்துவமனைக்கு வந்து தாமே பாலூட்ட வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். எனினும், நோய்த்தொற்றுக்கு அஞ்சிப் பின்வந்த பல மருத்துவமனைகள் தாயை வாசலிலேயே நிறுத்திவிட்டன. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இவ்வாறே கழிந்தது.

தாயிடம் ஈடுபாடு குன்றுவது ஏன்? அன்பில்லாமையால் அன்று. ஆபத்து நேரும்போது நம் உடல் ஒருவகை எச்சரிக்கை நிலையை அடைகிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்கள் மிகுகின்றன, உறக்கம் விலகுகிறது. ஆபத்து சில நிமிடங்களில் தீர்ந்தால் உடலும் அமைதியடையும். பெட்டியருகே நின்ற தாய்க்கோ அந்த ஆபத்து வாரக்கணக்கில் நீடிக்கிறது. ஒவ்வொரு கருவியின் ஒலியும், “இதோ, உன் பிள்ளைக்கு மூச்சு நின்றதோ” என்று அவளைக் கேட்கிறது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எச்சரிக்கை ஓய்வதில்லை. சமையலறையில் குக்கர் ஒலித்தால் என் மகள் தொட்டிலை நோக்கி ஓடுவாள். அக்கருவிகளின் ஒலியை அது அவளுக்கு நினைவூட்டியது என்பதை நான் வெகுநாள் கழித்தே அறிந்தேன். இடைவிடாத அச்சம் தாங்க முடியாததாகும்போது மனம் தன்னைத்தானே மரக்கச் செய்துகொள்வதும் உண்டு. “நெஞ்சு சொல்லவில்லையே” என்று அவள் சொன்னது அந்த மரப்பைத்தான். இதனுடன், “என் உடலே என் பிள்ளையைச் சுமக்கத் தவறியது” என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது. தந்தையருக்கும் இத்தகைய துன்பம் நேர்வதுண்டு. அவர்கள் அதை வெளியில் சொல்வது இன்னும் அரிது.

பாலைப் பற்றியும் ஒரு சொல். மார்பிலிருந்து பால் இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்னும் சுரப்புநீர் தேவை. அச்சமும் வலியும் அதன் சுரப்பைத் தடுக்கின்றன. “அழுதால் பால் வற்றிவிடும்” என்று நான் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. ஆனால் அதைச் சொல்லி அவள் அச்சத்தைத்தான் நான் மிகுவித்தேன். கண்ணீரைத் தடுப்பதால் துயரம் குறையாது. குழந்தையைத் தொட்டும், முகர்ந்தும், மார்போடு அணைத்தும் இருக்கையில் ஆக்சிடோசின் நன்கு சுரக்கிறது.

குழந்தையின் பக்கத்தை இனி நோக்குவோம். பிறந்த குழந்தைக்குத் தன் அச்சத்தைத் தானே தணித்துக்கொள்ளும் ஆற்றல் இல்லை. தாயின் குரல், மணம், உடற்சூடு, முகம் ஆகியவற்றின் துணைகொண்டே அது அமைதியடையக் கற்கிறது. 1951ஆம் ஆண்டில் ஜான் போல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர், உலக சுகாதார நிறுவனத்திற்காக எழுதிய அறிக்கையில், இடையறாத அன்பான உறவு குழந்தையின் மனநலத்திற்கு இன்றியமையாதது என்று நிறுவினார். 1970களில் அமெரிக்காவில் எட்வர்ட் டிரானிக் என்பவர் ஓர் எளிய சோதனை செய்தார். தன் குழந்தையுடன் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாயை, சிறிது நேரம் முகத்தில் எவ்வித உணர்ச்சியும் காட்டாமல் இருக்கச் சொன்னார். சில மாதமே ஆன குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது, பயனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துபோயிற்று. தாய் மீண்டும் சிரித்ததும் உறவு மெல்லத் திரும்பிற்று.

இச்சோதனையைக் கேட்டு எந்தத் தாயும் அஞ்ச வேண்டியதில்லை. எந்நேரமும் புன்னகைத்துக்கொண்டிருக்க யாராலும் இயலாது. தாயும் சேயும் ஒருவர் குறிப்பை ஒருவர் தவறவிடுவது அன்றாடம் நிகழ்வதே. தவறியபின் மீண்டும் கூடிக்கொள்வதில்தான் குழந்தை நம்பிக்கையைக் கற்கிறது. துயரம் மாதக்கணக்கில் நீண்டு, மீண்டும் கூடும் அந்த நேரமே வாய்க்காமற் போவதுதான் கவலைக்குரியது.

குறைமாதக் குழந்தையிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் குறிப்புகள் மெலிந்தவை. அழுகுரல் சன்னமானது. ஒரே நேரத்தில் ஒளி, ஒலி, தொடுகை மூன்றும் சேர்ந்தால் அது களைத்துவிடும். முகத்தைத் திருப்பும், விரல்களை விரிக்கும், கொட்டாவி விடும், விக்கும். “எனக்குச் சிறிது ஓய்வு கொடு” என்பதே இவற்றின் பொருள். இதனை அறியாத தாய், “என் பிள்ளைக்கு என்னைப் பிடிக்கவில்லை” என்று கொள்கிறாள். அவள் பின்வாங்கக் குழந்தையும் மேலும் ஒதுங்குகிறது. ஒருவர் மீதும் குற்றமில்லாமலேயே இருவருக்கும் இடையே ஒரு திரை விழுந்துவிடுகிறது.

மூன்றாம் மாதம் நிறையும் தறுவாயில் எங்கள் பேத்தி இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் இரண்டாம் மாதமே சிரித்தன. என் மகள் இதையும் தன் குறையாக எடுத்துக்கொண்டாள். அப்போதுதான் வீடுதோறும் வரும் சுகாதாரச் செவிலியர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தையை நிறுத்துப் பார்த்துவிட்டு, என் மகளின் பக்கத்தில் அமர்ந்து, “பிள்ளை இருக்கட்டும், நீ எப்படியம்மா இருக்கிறாய்?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்த அத்தனை பேரில் யாரும் கேட்காத கேள்வி அது. என் மகள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அன்று வெளிவந்தது. அந்த அம்மையார் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்பு திருத்திய வயது என்பதை விளக்கினார். குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியை அது பிறந்த நாளிலிருந்து கணக்கிடலாகாது. பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும். எங்கள் பேத்தி 10 வாரம் முந்திப் பிறந்தவள். முகம் பார்த்துச் சிரிப்பது ஏறத்தாழ 6 முதல் 8 வாரத்தில் வரும். ஆகவே அவள் பிறந்த 16 முதல் 18 வாரத்தில் எதிர்பார்ப்பதே முறை. இந்தச் சிறு கூட்டல் கணக்கு தெரியாமையால் ஒரு தாய் தன்னைத்தானே தண்டித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாழும் இவ்வட்டாரத்திலேயே இதுபற்றி நடந்த ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல விரும்புகிறேன். பாகாயத்தை அடுத்துள்ள கணியம்பாடி ஒன்றியத்தின் சிற்றூர்களில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் 359 கர்ப்பிணிகளைப் பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் கண்டு பேசி, அதன் முடிவை 2002ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளானோர் 100க்கு 11 பேர். யாருக்கு அது மிகுதியாக வந்தது? வருவாய் குறைந்தவர்க்கு, ஆண் மகவை எதிர்பார்த்த இடத்தில் பெண் மகவைப் பெற்றவர்க்கு, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு இருந்தவர்க்கு, கருவுற்ற காலத்தில் இடர்கள் நேர்ந்தவர்க்கு, வீட்டு வேலைக்கு ஒத்தாசை இல்லாதவர்க்கு. இவ்வாராய்ச்சி குறைமாதப் பேற்றை மட்டும் பற்றியதன்று. எல்லாத் தாய்மாரையும் பற்றியது. இத்தனை சுமைகளின் மேல், பிள்ளையைப் பெட்டியில் விட்டுவந்த அச்சமும் ஏறினால் என்னாகும் என்பதை நீங்களே உய்த்துணரலாம். இப்பட்டியலில் உள்ளவற்றுள் பலவும் மருந்தால் தீர்வன அல்ல, வீட்டாரால் தீர்வன.

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் பெண்கள் பல்லாயிரவர் தோல், காலணித் தொழில்களில் உழைக்கின்றனர். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், 2017இல் திருத்தப்பட்டபின், முதல் இரு பேறுகளுக்கும் 26 வாரம் ஊதியத்துடன் விடுப்புத் தந்தது. குறைமாதப் பேற்றால் நோயுற்ற தாய்க்கு மேலும் ஒரு மாத விடுப்புக்கும் அச்சட்டம் இடமளித்தது. என் மகளுக்கு விடுப்பு கிடைத்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, சோடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்றுக் காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு யார் விடுப்பு அளிப்பார்? பிள்ளை மருத்துவமனையில் இருந்த நாட்களின் கடனை அடைக்க, பிள்ளை வீடு வந்த மறுநாளே அவள் ஊசியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு மாற்று வழி உண்டா? உண்டு. 1978ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் பொகோட்டா நகரில் எட்கார் ரே என்னும் மருத்துவர், பெட்டிகள் போதாத நெருக்கடியில், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெற்று மார்பில் தோலோடு தோல் படுமாறு கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போன்றதாகையால் கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. அடுத்த ஆண்டு, எஸ்தோனியாவின் தாலின் நகரில் அதிக் லெவின் என்பவர், தாதியர் பற்றாக்குறையின்போது, நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் தாய்மாரையே உள்ளே தங்கவைத்துப் பராமரிப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். 2021இல் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய 5 நாடுகளில் நடந்தது. குழந்தையின் உடல்நிலை சீரான பிறகே தாயின் மார்பில் வைக்கும் வழக்கத்தோடு, பிறந்தவுடனேயே வைத்துத் தாயையும் தீவிர சிகிச்சை அறையிலேயே தங்கச் செய்யும் முறையை ஒப்பிட்டார்கள். முதல் 28 நாட்களில் இறந்த குழந்தைகள் பழைய முறையில் 100க்கு ஏறக்குறைய 16. புதிய முறையில் 100க்கு 12. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது. நம் நாட்டிலும், பெற்றோரைச் சிகிச்சை அறைக்குள் அனுமதித்துப் பயிற்சி தரும் வழிகாட்டு நெறிகளை மத்திய அரசு 2017இல் வகுத்தது.

இவற்றைப் படித்தபோது எங்கள் ஊரை எண்ணிக்கொண்டேன். 1957ஆம் ஆண்டில் பாகாயத்தில் மனநல மருத்துவமனை தொடங்கப்பட்டது. மனநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்துப் பூட்டி வைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. இங்கோ, நோயாளியோடு உறவினர் ஒருவரும் உடன் தங்க வேண்டும் என்பதே முறையாயிற்று. நோயுற்றவரைக் குடும்பத்தோடு சேர்த்தே குணப்படுத்த வேண்டும் என்ற அந்த எண்ணம் என் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. குழந்தையையும் தாயையும் ஒரே நோயாளியாகக் கருத வேண்டும் என்பதை நான் அறிந்துகொள்ள என் மகள் அவ்வளவு துன்பப்பட வேண்டியிருந்தது.

வீட்டார் செய்யத்தக்கவை யாவை? தாய்க்குத் தொடர்ந்தாற்போல் சில மணி நேர உறக்கம் கிடைக்கச் செய்யுங்கள். அந்த நேரத்தில் விழித்திருந்து பார்ப்பதாகச் சொல்லி, சொன்னபடி விழித்திருங்கள். குழந்தையை வாங்கிக்கொண்டு அவளுக்கு வேலை கொடுப்பதை விட்டு, வேலையை வாங்கிக்கொண்டு அவளிடம் குழந்தையைக் கொடுங்கள். மருத்துவர் அனுமதித்தால் கங்காரு முறையை வீட்டிலும் தொடரலாம். தந்தையும் பாட்டியும்கூடச் செய்யலாம். பெட்டிக் காலத்தைப் பற்றி அவள் பேச விரும்பினால் பேசவிடுங்கள். சோர்வு, உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, ஓயாத அச்சம் ஆகியவை இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 10 எளிய வினாக்களைக் கொண்டு இந்நோயைக் கண்டறிய முடியும். அவ்வினாக்கள் தமிழிலும் உள்ளன. தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்ததாகச் சொன்னால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. 14416 என்ற அரசின் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனையும் பெறலாம்.

என் மகள் சிகிச்சை பெற்றாள். அச்சம் ஒரே நாளில் நீங்கிவிடவில்லை, வாரங்கள் ஆயின. நானும் என் பங்குக்கு, நான் சொன்ன சொல்லுக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். 17ஆவது வாரத்தில் ஒரு காலை, அவள் குழந்தையைத் துடைத்துக்கொண்டே ஏதோ மெல்லப் பேசிக்கொண்டிருந்தபோது, குழந்தை அவள் முகத்தையே நோக்கிச் சிரித்தது. “அம்மா, இங்கே வந்து பாருங்கள், என் பிள்ளை சிரிக்கிறாள்” என்று கூவி அழைத்தாள். ‘என் பிள்ளை’ என்ற அச்சொல்லை நான் அவள் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

இளைஞர்களே! உங்களில் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் தாதியராவீர்கள், பெரும்பாலோர் அண்ணனாக, தங்கையாக, கணவனாக, தாயாக இத்தகைய வீடுகளில் இருக்கப்போகிறீர்கள். பெட்டியிலிருந்து வந்த குழந்தையைக் காணச் செல்லும்போது, அதன் எடை எவ்வளவு என்று கேட்பதற்கு முன், தாயின் அருகில் அமர்ந்து, “நீ எப்படி இருக்கிறாய்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள்.